சோணைமுத்து அண்ணன் போட்ட எல்லை

செய்தியைக் கொண்டு வந்தவர் சர்வேயருக்குச் சங்கிலி பிடிக்கும் வேலு. நான் அப்போதுதான் அலுவலகத்துக்குள் நுழைந்து குடையை மாட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா, நம்ம சோணைமுத்து சார் போயிட்டாரும்மா. காலைல மெஸ்ஸுக்கு வரலைன்னு ஆளை விட்டுப் பாத்திருக்காக. படுத்த பாயிலயே..." என்றவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சிம்மக்கல்லில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்த அண்ணன், தனியாகவே போய்விட்டார். எந்நேரம் உயிர் பிரிந்தது என்று சொல்லக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் கறாரான சர்வேயர். எனக்கு அவர் கூடப் பிறக்காத அண்ணன். அவர் மேல் எனக்குக் கோபமும் உண்டு, அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அவர் அளந்து வரும் தாள்களைச் சரிபார்த்து மையிட்டு வரைவது என் வேலை. பிழை கண்டால் சிவப்பு மையால் சுழித்துவிடுவேன். அதனால் எனக்கு டீச்சர் என்று பெயர் வைத்தார். "என்ன டீச்சர், இன்னைக்கு எம்புட்டு மார்க்கு?" என்று மேசை முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "பெயிலுண்ணே, நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வாங்க" என்பேன். அவர் வாய்விட்டுச் சிரிப்பது அந்த ஒரு நேரத்தில்தான்.

அந்த வருடங்களில் எங்கள் தலையில் விழுந்த வேலை பெரியது. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களை வெள்ளைக்காரன் காலத்தில் ஆளுக்கொரு விதமாக அளந்து வைத்திருந்தார்கள். சர்க்கார் ஊர்களுக்கு ஒரு முறை, ஜமீன் ஊர்களுக்கு ஒரு முறை, கோயில் மானிய ஊர்களுக்கு இன்னொன்று. எல்லாவற்றையும் மீட்டர் கணக்கில் ஒரே முறைக்குள் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. கேட்க எளிதுதான். பக்கத்துப் பக்கத்து ஊர்ப் படங்களை ஒட்டிப் பார்க்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். ஓரிடத்தில் எந்த ஊருக்கும் சேராத சந்து விழும், இன்னோரிடத்தில் ஒரே நிலம் இரண்டு ஊரிலும் இருக்கும். "தனித்தனியா இருந்த வரைக்கும் ரெண்டு ஊரும் யோக்கியந்தான் டீச்சர். சேத்து வச்சாத்தான் சண்டை" என்பார் அண்ணன்.

நாகனேந்தல் பழைய ஜமீன் ஊர். அதற்குக் கிழக்கே செம்பூரணி, சர்க்கார் ஊர். நடுவில் ஓடுகிற ஓடைதான் இரண்டுக்கும் எல்லை. சர்க்கார்காரர்கள் முதலில் அளந்து கல் நட்டுவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு பெருவெள்ளத்தில் ஓடை கிழக்கே தள்ளிப் போய்விட்டது. அதற்கப்புறம் வந்த ஜமீன் ஆட்கள் புது ஓடையையே எல்லையாகப் போட்டுக்கொண்டார்கள். பழைய ஓடைக்கும் புது ஓடைக்கும் இடைப்பட்ட நிலம் இரண்டு படத்திலும் ஏறிவிட்டது. செம்பூரணிப் பக்கம் அதற்கு உரிமை கேட்டவர்கள், தலைமுறையாகக் கூலி வேலை பார்த்து அப்போதுதான் சர்க்கார் பட்டா வாங்கிய குடும்பங்கள். நாகனேந்தல் பக்கம் அதை உழுது கிணறும் வெட்டியிருந்தவர் அண்ணனுடைய தங்கை பாண்டியம்மாளின் கணவர். அந்தக் கிணறு தங்கையின் நகைகளில் வெட்டியது. இனி ஒரே படம். ஒரு பெயர்தான் நிற்க முடியும்.

வேறு ஆளை அனுப்புங்கள் என்று அண்ணன் அதிகாரியிடம் கேட்டுப் பார்த்தார். ஆள் பற்றாக்குறை, அந்தப் பக்கம் பழகியவர் நீங்கள்தான் என்று அனுப்பிவிட்டார்கள். படத்தோடு ஒப்பிட நானும் போயிருந்தேன். அளந்து போய் ஒரு வரப்போரத்தில் நின்றார் அண்ணன், பழைய சர்க்கார் கல்லைத் தேடி வேலுவைத் தோண்டச் சொன்னார். "மச்சான், அதெல்லாம் வெள்ளத்துலயே போயிருக்கும். இருக்கிறபடி போட்டுட்டு வாங்க, சாப்பிடுவோம்" என்றார் மாப்பிள்ளை. அளக்கிற ஊரில் ஒரு மடக்குக் காப்பிகூடக் குடிக்காத மனிதரைத்தான் சாப்பிடக் கூப்பிட்டார். இடுப்பளவு வண்டலுக்குக் கீழே கல்லின் தலை தெரிந்தது.

பாண்டியம்மாள் ஓடி வந்து குழி ஓரத்தில் உட்கார்ந்தாள். "அண்ணே, மூடிரு. இங்க இருக்கிறவுக யாரும் சொல்ல மாட்டாக. அந்தத் தண்ணி இல்லைனா எங்களுக்கு வெறுங்காடுதாண்ணே." மூடிவிடட்டும் என்றுதான் நானும் மனதுக்குள் நினைத்தேன்.

அண்ணன் அவளைப் பார்க்காமல் கல்லைப் பார்த்தே பேசினார். "ஓடை நடக்கும் ஆத்தா, ஊரு நடக்காது. நம்ம வீட்டுக் கல்லை மூடிட்டு நாளைக்கு எவன் வீட்டுக் கல்லை நான் தோண்டுவேன்?"

"அப்ப எனக்குப் பொறந்த வீடு இல்லைன்னு நெனைச்சுக்கிறேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

எல்லை பழைய கல்லோடு நின்றது, நிலமும் கிணறும் செம்பூரணிக்குப் போயின. அண்ணன் மனைவியை இழந்தவர், பிள்ளையும் இல்லை. இருந்த ஒரே உறவு அன்றைக்கு முறிந்தது. ஆனாலும் ஒவ்வொரு பொங்கலுக்கும் அரிசி, வெல்லம், சேலை, கரும்போடு தங்கை வீட்டுக்குச் சீர் கொண்டு போவார். கதவைத் திறக்க மாட்டார்கள். லீவு முடிந்ததும் கரும்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடும். "சாப்பிடுங்க டீச்சர், நல்ல கரும்பு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சூடு சொரணை இல்லையாண்ணே உங்களுக்கு? போகாம இருந்தா என்ன?" என்று கத்தியிருக்கிறேன். "கதவைச் சாத்துறது அது உரிமை. போறது என் முறை" என்றார். கரும்பைக் கடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன் பஸ் ஏறிப் பசுமலை வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்புவார். கண்டக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் அளக்காத ஊர் சுற்றுவட்டாரத்தில் இல்லை. அதனாலேயே அவர் போய் உட்கார ஒரு வீடும் இல்லை. எங்கள் வீட்டுக்கு எத்தனையோ தடவை கூப்பிட்டேன். வாரேன், வாரேன் என்பதோடு சரி.

தங்கை மகன் வந்து கொள்ளி வைப்பான் என்று வெயில் சாயும்வரை காத்திருந்தோம். வரவில்லை. செம்பூரணியிலிருந்தாவது நாலு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களுக்கு அவர் பெயரே தெரியாது என்று பிறகு வேலு சொன்னார். கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிடுகிற மனிதரிடம் யார் போய்ப் பெயர் கேட்பார்கள்? தத்தனேரிச் சுடுகாட்டில் மெஸ்காரர்தான் கொள்ளி வைத்தார். அலுவலகத்து ஆட்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் பாண்டியம்மாள் அலுவலகத்துக்கு வந்தாள். "எங்கண்ணன் போட்ட கோட்டைப் பாக்கணும்" என்றாள். படத்தை எடுத்து விரித்தேன். படிக்கத் தெரியாதவள் என்பதால் அவள் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின் மேல் வைத்தேன். அண்ணன் பென்சிலில் போட, நான் மையிட்ட கோடு. வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"இம்புட்டுத்தானா? தடிமனா இருக்கும்னு நெனைச்சேன்" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. "ஒருதடவை கதவைத் திறந்திருக்கலாமே" என்று கேட்டுவிட்டேன்.

"அவுக விடலைம்மா. பொங்கலுக்குப் பொங்கல் கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்னுக்கிட்டுத்தான் இருப்பேன். செருப்புச் சத்தம் தேயிற வரைக்கும் நிப்பேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை கூடப் போனேன். படியில் இறங்கியவள் திரும்பி, "நான் வந்துட்டுப் போனேன்னு அண்ணன்கிட்ட சொல்லிரும்மா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கும் உறைத்தது, எனக்கும் உறைத்தது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அண்ணனுடைய சாமான்களை மெஸ்காரர் யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். நான் எதுவும் கேட்டு வாங்கவில்லை. அவருக்குப் போய்ச் சேர வேண்டிய அந்த ஒரு சேதி மட்டும் என்னிடம் இருக்கிறது.