ஒரு 'ங்க' குறைந்த படம்

1. டீச்சர் வணக்கம்

புதுக்கோட்டை தியேட்டரில் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு கல்லூரிப் பெண் சத்தமாகச் சொன்னாள்: "ஏய், 'வருவா'ங்கிறான்டி! அப்ப பொம்பளதான். லைப்ரரி டீச்சரேதான்!"

படம் தொடங்கிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. தமிழ் டப்பிங் வசனம் எழுதியவன் நான். சீட்டுக்கு அடியில் இடம் இருந்திருந்தால் போய்ப் படுத்திருப்பேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மந்திரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றிய ஆங்கிலப் படத் தொடர் அது. இது ஆறாவது படம். பிள்ளைகளைத் துரத்தும் முகமூடி ஆள் யார் என்பதுதான் ஐந்து படமாக எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. ஆறாவதின் கடைசியில் முகமூடி கழலும். சந்தேகப்பட வைத்திருந்தவர்களில் லைப்ரரி டீச்சர் ஒருத்திதான் பெண்.

ஆங்கில வினைச்சொல் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காது. தமிழில் வாயைத் திறந்தால் போச்சு. ஐந்து படத்திலும் 'வந்தாங்க', 'போனாங்க' என்றே எழுதிச் சமாளித்தேன். அதில் எனக்குக் கர்வம் வேறு. ஆறாவதில் கோட்டை விட்டேன்.

2. வட்டத்துக்குள் வாய்

நான் கறம்பக்குடியில் வீட்டிலிருந்தபடியே எழுதுகிறவன். படம் ரீல் ரீலாக, வரிசை மாறித்தான் வரும். வெளியே கசிந்துவிடும் என்ற பயத்தில் திரை முழுவதையும் கறுப்படித்து, பேசுகிறவரின் வாயை மட்டும் ஒரு வட்டத்துக்குள் காட்டுவார்கள். இந்தப் படத்தில் எனக்குக் கடைசி ரீல் முதலில் வந்தது. டீச்சர் முகமூடியைக் கழற்றிப் பேசும் இடத்தை எழுதிவிட்டு நானே அசந்துபோனேன்.

அடுத்து வந்தது முதல் ரீல். ஒரு மாணவனின் வாய், க்ளோஸ்-அப். முகமூடி ஆளைப் பற்றிப் பேசுகிறான். கடைசியில் வாய் 'ஆ' என்று திறந்தபடி நிற்கிறது. "திரும்பி வருவா" என்று போட்டேன். வாயசைவுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஸ்டூடியோ இன்ஜினியர் போன் போட்டு, "சார், லிப் அள்ளுது!" என்றார்.

"பின்னே, சர்வீஸ் என்ன கொஞ்சமா?" என்றேன்.

அட மடையா! முடிவு உனக்குத்தான் தெரியும். பார்க்க வருகிறவனுக்குத் தெரியுமா?

3. ஒன் கொரல் எங்கத்தா?

டீச்சருக்குக் குரல் கொடுத்தவள் செல்வி. மீமிசல் பெண். சென்னையில் க்ரவுட் வாய்ஸ் கொடுத்தே காலத்தை ஓட்டியவள். ஐம்பது பேரோடு நின்று "ஐயோ, ஓடுங்க ஓடுங்க" என்று கத்துகிற வேலை. அவளுக்குக் கிடைத்த முதல் தனிக் கதாபாத்திரம் இதுதான். என்னை 'வாண்ணே', 'சொல்லுண்ணே' என்றுதான் பேசுவாள். எங்கள் பக்கத்தில் பெரியவர்களிடம் அந்த 'ங்க' உதிர ரொம்ப உரிமை வேண்டும்.

அவளுடைய அம்மாவுக்கு மகள் பார்க்கும் வேலையில் நம்பிக்கையே கிடையாது. "படத்துல பேசுறேன் பேசுறேங்குற, ஒரு படத்துலயும் ஒன் கொரலக் காணமே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இந்த முறை கேட்க வைத்தே தீருவது என்று செல்வி மீமிசலிலிருந்து வேன் பிடித்துச் சொந்தக்காரர்களோடு அம்மாவைக் கூட்டிவந்திருந்தாள்.

அந்தப் பாழாய்ப்போன வசனம் வந்தபோது செல்வி வாசல் பக்கம் நின்று சொந்தக்காரர்களுக்கு சீட்டு காட்டிக்கொண்டிருந்தாள். டப்பிங்கில் ஆளாளுக்குத் தனித்தனியாகத்தான் ரெக்கார்டிங். அதனால் மாணவனின் வசனம் அவளுக்கு முன்னமே தெரியவும் வழியில்லை.

பிறகு நடந்ததை எழுதவே கூசுகிறது. முகமூடி தலைகாட்டி ஏதாவது கிசுகிசுக்கும்போதெல்லாம் தியேட்டரே சேர்ந்து "டீச்சர் வணக்கம்!" என்று கத்தியது. கடைசியில் முகமூடி கழன்றது. செல்வி சொந்தக் குரலில், உயிரைக் கொடுத்துப் பேசிய ரெண்டு நிமிஷம். விசிலும் சிரிப்பும் "எங்களுக்கு அப்பவே தெரியும் டீச்சர்!" என்ற கூச்சலும்தான் கேட்டன. அவள் பேசியதில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை.

வெளியே வந்ததும் செல்வியின் அம்மா கேட்டார்: "இதுல எதுத்தா ஒன் கொரலு? ஒரே கூப்பாடா இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

செல்வி என்னைத் தனியே இழுத்துப்போனாள். கண் கலங்கியிருந்தது. "நான் கிசுகிசுன்னு பேசுனதுலயே பொம்பளக் கொரலுன்னு தெரிஞ்சு போச்சாண்ணே? மாடுலேசன் சொதப்பிட்டேனா? ஆத்தா முன்னாடி இப்புடி ஆகிப்போச்சே. சொல்லுண்ணே."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். அந்த எண்ணம் வந்ததென்னவோ நிஜம். அதை நினைத்தால் தப்பான வசனத்தை எழுதியதைவிட அதிகமாக வெட்கமாக இருக்கிறது.

"ஒம் மேல தப்பில்லம்மா," என்றேன். "'வருவாங்க'ன்னு எழுத வேண்டிய எடத்துல 'வருவா'ன்னு எழுதிட்டேன். மொத ரீல்லயே காட்டிக் குடுத்தது நான்தான்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. வேனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பரவாயில்லைங்க சார்," என்றாள். "நீங்க கெளம்புங்க. நாங்க வேன்ல போய்க்கிறோம்."

4. எழுத வருகிறவர்களுக்கு

அந்தப் படம் ஓ.டி.டி.க்குப் போனபோது கெஞ்சிக் கூத்தாடி 'வருவாங்க' என்று மாற்ற வைத்தேன். கடைசியில் வாய் கொஞ்சம் ஒட்டாமல் நிற்கிறது. இதுவரை ஒருத்தர்கூட அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எந்த லிப்புக்காக நெஞ்சை நிமிர்த்தினேனோ, அதன் லட்சணம் அவ்வளவுதான்.

டப்பிங் எழுத வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. வட்டத்துக்குள் தெரியும் வாயைப் பார்த்து மட்டும் எழுதாதீர்கள். அந்த நிமிஷம்வரை பார்க்கிறவருக்கு என்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள். ஒரு எழுத்து தவறினால் அடிபடுவது நாமாக இருக்காது, வேறு யாராவதாக இருப்பார்கள்.

செல்வி முகமூடி கழலும் காட்சியைத் தன் அம்மாவுக்கு செல்போனில் போட்டுக் காட்டினாளாம். அம்மா திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாராம். ஸ்டூடியோவில் வேறு ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன வாரம் ரெக்கார்டிங் விஷயமாக செல்வியே போன் செய்தாள். அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வைக்கும்வரை வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் பேசினாள்.