வெள்ளையடிக்காத உட்சுவர்

செராமிக் கம்பெனியில் நீலாவதிக்குக் கோப்பைகளுக்குப் பிடி ஒட்டுகிற வேலை. எழுபத்து நாலாம் வருசம், ஆறு மாதக் கர்ப்பத்தோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளைக் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. மலேரியா என்றார்கள். அவள் பிழைத்தாள், பிள்ளை தங்கவில்லை.

இரண்டு வருசம் கழித்து மறுபடி உண்டானபோது, இந்தப் பிள்ளையை விடுவதில்லை என்று மனசில் முடிவு கட்டிக்கொண்டாள். காய்ச்சல் வராமலிருக்க ஆஸ்பத்திரியில் வாராவாரம் விழுங்கச் சொன்ன மாத்திரை வேப்பங்காயாய்க் கசந்தது. ஒரு வாரமும் விடவில்லை. களிமண் தோண்டிய பள்ளங்களில் தேங்கும் தண்ணீரில் கொசு பெருகுவதை அவளால் என்ன செய்ய முடியும்? தன் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். கொசு மருந்து அடிக்க ஆட்கள் வந்தபோது தெருவில் பலர் கதவைச் சாத்தினார்கள். இவள் பானை சட்டிகளை வெளியே எடுத்துவைத்து வழிவிட்டாள். கடித்துவிட்டுச் சுவரில் உட்காரும் கொசு இந்த மருந்தில்தான் சாகும், மேலே எதையும் பூசிவிடாதீர்கள் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வளைகாப்பு நெருங்கியது. தாய் இல்லாத மருமகளுக்குத் தானே முன்னின்று செய்வதென்று மாமியார் கொளஞ்சியம்மாள் சுண்ணாம்பை ஊறப்போட்டுவிட்டார். மருந்து வழிந்து திட்டுத்திட்டாய்க் கிடந்த சுவரை வைத்துக்கொண்டு நாலு பேரை எப்படிக் கூப்பிடுவது?

“வெள்ளையடிக்காத வூட்டுல மணை போட்டா ஊரே சிரிக்கும்டி.”

“சிரிச்சிட்டுப் போவட்டும் அத்தை. உள்செவுத்துல சுண்ணாம்பு பட்டுதுன்னா நான் மணையில உக்கார மாட்டேன்.”

புருசன் தங்கராசு இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு நழுவினான். கடைசியில் நீலாவதியே ஒரு வழி சொன்னாள்: மருந்து உள்ளேதானே இருக்கிறது, வெளிச்சுவருக்கு வெள்ளையடித்து வாசலில் பந்தல் போட்டுக்கொள்வோம். கொளஞ்சியம்மாள் சுண்ணாம்புச் சட்டியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

வளைகாப்பன்று தண்ணீர் குடிக்க உள்ளே போன பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி கொளஞ்சியம்மாளிடம், “என்னக்கா, வெளிய மாப்பிள்ளையாட்டம் இருக்குது, உள்ள பூனை நக்குன சட்டியாட்டம் இருக்குது” என்றாள். முந்தானையால் சுவரைத் துடைக்கவும் போனாள்.

பந்தலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நீலாவதி எழுந்திருக்கப் போனாள். அதற்குள் மாமியார் குரல் வந்தது.

“கையை எடு. அது எம் பேரப்புள்ளைக்காக அடிச்ச மருந்து.”

நீலாவதி நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்த வளையலுக்குக் கையை நீட்டினாள்.

ஐப்பசி அடைமழையில் பெண் பிறந்தது. அது அழுத அழுகை தெருமுனை வரை கேட்டது. தாய்க்கும் காய்ச்சல் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. ஆஸ்பத்திரியில் போதும் என்று சொல்லும்வரை நீலாவதி மாத்திரையை நிறுத்தவில்லை.