ரத்தம் ஏற்றாமலே நிமிர்ந்தாள் என் மகள்

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் பேரில் பொய் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் எனக்கு நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆந்திராவில், நகரிக்குப் பக்கத்தில். நானும் வீட்டுக்காரரும் கரும்பும் வேர்க்கடலையும் போடுகிறோம். ஒரே மகள், கீர்த்தனா. அவள் ஒன்பதாவது படிக்கும்போது உறவுக்காரக் கல்யாணத்துக்குப் பாவாடை தாவணி எடுத்து, ஜாக்கெட் தைக்கக் கொடுத்தோம். அளவெடுத்த தையல்காரி டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா, பொண்ணுக்கு ஒரு தோளு மேல, ஒரு தோளு கீழ இருக்குது?"

புத்தகப் பை சுமந்து அப்படி ஆகியிருக்கும் என்று நினைத்தேன். பையைக் குறைத்தோம். தோள் இறங்கவில்லை. ஆறேழு மாதத்தில் முதுகில் ஒரு பக்கம் மேடு தட்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த பெண், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தாள்.

புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற பெரியவர் ஒருவரிடம் கூட்டிப் போனோம். அவர் முதுகை மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இது கட்டு போட்டு நிக்கற வேல இல்லம்மா. திருப்பதிக்குப் போயிடுங்க. நாள் தள்ளாதீங்க" என்றார்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். முதுகெலும்பு பாம்பு நெளிவது மாதிரி இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. இப்படியே விட்டால் நுரையீரலை நெருக்கிவிடும், ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்றார் முதுகெலும்பு டாக்டர். சரி, செய்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். அப்புறம்தான் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது.

கீர்த்தனாவின் ரத்தம் பாம்பே குரூப். அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். பார்ப்பதற்கு ஓ குரூப் மாதிரி இருக்குமாம். ஆனால் ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அதே வகைக்காரர்களின் ரத்தம் மட்டும்தான் சேரும். அவர்கள் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர்தான். என் ரத்தமும் சேரவில்லை, அவள் அப்பா ரத்தமும் சேரவில்லை. பெற்ற தாயின் ரத்தமே பிள்ளைக்கு ஆகாது என்றால் எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

"இந்த ஆபரேஷன்ல ரத்தம் நெறைய போகும். கைல ரத்தம் இல்லாம நான் கத்தி வெக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உண்மையைத்தான் சொன்னார்.

தேடினோம். ரத்த வங்கிகளுக்குப் போன் போட்டோம். கடைசியில் சித்தூரில் ஒருவர் கிடைத்தார். முனிரத்தினம் என்று பெயர், பைக் மெக்கானிக். "எப்ப வேணும்னாலும் வரேன்க்கா" என்றார். ஆனால் ஒருவரிடம் ஒரு யூனிட்தான் எடுக்க முடியும். அது போதாது. ஆபரேஷன் தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது.

ஒருநாள் சாயங்காலம் கீர்த்தனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உடும்மா. நான் இப்படியே வளைஞ்சி இருந்துட்டுப் போறேன். நீயும் நைனாவும் அலையாதீங்க" என்றாள். அழாமல் சொன்னாள். அதுதான் என்னை உடைத்துவிட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் காணிப்பாக்கம் போனேன். எங்கள் பிள்ளையார் கிணற்றுக்குள்ளே இருந்து வளர்ந்துகொண்டே இருக்கிற சாமி. முன்பு சாத்திய கவசம் இப்போது பற்றாது என்று சொல்வார்கள். சன்னிதியில் நின்றதும் எனக்கு ஸ்லோகம் எதுவும் வாயில் வரவில்லை. சண்டைதான் வந்தது. "நீ மட்டும் வளர்ந்துக்கினே இருக்கற. எம்பொண்ணு குறுகிக்கினே போறா. உனக்கு நல்லா இருக்குதா? ரத்தம் குடு. இல்லன்னா வேற வழி காட்டு" என்று கேட்டுவிட்டேன். பின்னால் நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

திரும்பும் பஸ் சித்தூர் தாண்டியது. போன் அடித்தது. திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து மயக்க மருந்து டாக்டரம்மா. கீர்த்தனாவின் விவரங்களைப் பார்த்தாராம். "ரத்தம் எங்க கிடைக்கும்னு தேடறது இருக்கட்டும். பாப்பா ஒடம்புல இருக்கற ரத்தத்தை எப்படிக் காப்பாத்தலாம்னு பேசலாம், வாங்க" என்றார். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கை கூப்பினேன்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். டாக்டரம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு. எங்களுக்காகத் தமிழில் நிதானமாகச் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்பே இரும்புச்சத்து ஊசி போட்டு ரத்தத்தைக் கூட்ட வேண்டும். ஆபரேஷன் தொடங்கும்போது ஒரு மருந்து ஏற்றுவார்கள். காயத்தில் உறைந்து அடைக்கிற ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் அது பிடித்து வைக்கும். அப்படியும் வெளியே வருகிற ரத்தத்தை ஒரு மெஷின் உறிஞ்சி, கழுவி, அவளுக்கே திருப்பி ஏற்றும். இந்த மருந்தைப் பற்றிப் பல வருஷமாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது, தங்கள் ஆஸ்பத்திரியும் அதில் சேர்ந்திருந்தது என்றார்.

ஆராய்ச்சி என்ற வார்த்தையைக் கேட்டதும் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "எம்பொண்ண வெச்சி பரிச்ச பண்ணிப் பாக்கறீங்களா மேடம்?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. "காதய்யா, கூச்சோண்டி" என்று தெலுங்கில் மறுத்து, உட்காரச் சொன்னார். "பாப்பாவ ஆராய்ச்சியில சேக்கல. அது முன்னாடியே முடிஞ்சிபோச்சு. எத்தனையோ பேஷண்டுங்க அதுக்கு ஒத்துக்கினாங்க. கொஞ்சம் பேருக்கு மருந்து, கொஞ்சம் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு அவங்களுக்கும் தெரியாது, பக்கத்துல நின்ன எங்களுக்கும் தெரியாது. எவ்வளவு ரத்தம் போச்சுன்னு அளந்தோம். மருந்து குடுத்தவங்களுக்குக் கம்மியா போச்சு. அந்த தைரியத்துலதான் இன்னிக்கி பாப்பாவுக்குக் குடுக்கறேன்."

"அப்ப ரத்தமே போகாதா மேடம்?" என்று கீர்த்தனா கேட்டாள்.

"போகும்மா. போகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். கம்மியா போகும்."

அந்த நேர்மையான பதில்தான் என் வீட்டுக்காரரை மறுபடி உட்கார வைத்தது. எனக்கோ வேறொன்று தோன்றி உடம்பு சிலிர்த்தது. நான் நேற்றுத்தான் வழி கேட்டேன். சாமி அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, முகம் தெரியாத யார் யாரையோ அந்த ஆராய்ச்சிக்குத் தலையாட்ட வைத்திருக்கிறார்.

ஊசி போட்டார்கள். கேழ்வரகும் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் ஊட்டினேன். ரத்த அளவு கூடியது. முகத்தில் களை வந்தது. பொங்கல் கழிந்து ஒரு காலையில் ஆபரேஷன்.

முனிரத்தினம் விடியும்போதே சித்தூரிலிருந்து வந்துவிட்டார். தேவைப்பட்டால் உடனே கொடுக்க வேண்டும் என்று வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்தார். யார் ஆபரேஷன் அறைக் கதவைத் திறந்தாலும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்து நிற்பார். அவள் அப்பா வாய்க்குள்ளேயே சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பிள்ளையாரிடம், "நீயே உள்ள நில்லு" என்று மட்டும் கேட்டேன்.

மதியம் தாண்டி டாக்டரம்மா வெளியே வந்தார். முகக்கவசத்தை இறக்கினார். சிரிப்பு தெரிந்தது.

"முதுகு நேரா வந்துடுச்சு. வெளிரத்தம் ஒரு சொட்டு ஏத்தல. அவ ரத்தமே அவளுக்குப் போதும்."

முனிரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னை வேணாம்னு சொன்னதுக்கு இவ்ளோ சந்தோஷப்பட்டதே இல்லக்கா" என்றார். வீட்டுக்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இன்னும் ஒரு பயம் மீதி இருந்தது. முதுகில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். உள்ளே கசிகிற ரத்தம் அதன் வழியே ஒரு டப்பாவில் இறங்கும். அது நிறையக் கூடாது. முனிரத்தினம் ஊருக்குக் கிளம்பாமல் லாட்ஜில் தங்கிவிட்டார். மறுநாள் முழுக்க நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பாக வந்தது வெளுத்தது, பிறகு குறைந்தது, பிறகு நின்றேவிட்டது. நர்ஸ் குழாயை எடுத்த பிறகுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

பிறகு அவளை எழுப்பி நிற்க வைத்தார்கள். ஒரு பக்கம் நர்ஸ், ஒரு பக்கம் நான். மெதுவாக நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் குனிந்து பார்த்தாள்.

"இன்னாம்மா, நீ குள்ளமாய்ட்ட?"

வார்டே சிரித்தது. நான் குள்ளமாகவில்லை. வளைந்து ஒளிந்திருந்த உயரமெல்லாம் ஒரே நாளில் வெளியே வந்திருந்தது. பள்ளிக்கூடப் பாவாடை எதுவும் பற்றவில்லை. எல்லாவற்றையும் பிரித்து இறக்கினோம். அந்த வேலையைப் பாட்டுப் பாடிக்கொண்டே செய்தேன்.

இப்போது அவள் இன்டர், அதாவது ப்ளஸ் டூ, படிக்கிறாள். மூச்சு வாங்குவதில்லை. வாலிபால் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் கோட்டுக்கு வெளியே நின்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருக்கிறாள்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒரு கதவு சாத்தியிருக்கலாம். சாமியிடம் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே கேளுங்கள், அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். டாக்டரிடமும் பயப்படாமல் கேளுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் வரும். எனக்கு வந்தது.

வேண்டுதல் தீர்க்கக் குடும்பத்தோடு காணிப்பாக்கம் போனோம். கீர்த்தனா பேருக்கு அர்ச்சனை முடிந்தது. இன்னொரு தட்டையும் நீட்டினேன். அர்ச்சகர் பேரும் நட்சத்திரமும் கேட்டார்.

"தெரியாது சாமி. அந்த ஆராய்ச்சிக்கு ஒத்துக்கின பேஷண்டுங்க எல்லாருக்கும்" என்று சொல்லி, நடந்ததை இரண்டு வார்த்தையில் விளக்கினேன். பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டிருந்தது. அவர் என்னையும், நிமிர்ந்து நின்ற என் மகளையும் ஒரு நிமிஷம் பார்த்தார்.

"பேரு மனக்கித் தெலீது. சாமிக்கித் தெலுசு கதம்மா" என்றார். நமக்குத் தெரியாத பேர் சாமிக்குத் தெரியும் என்று அர்த்தம். தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.