ராத்தா வீட்டுக்கு ஒரு வெப்பக் கவசம்

விண்வெளியிலிருந்து திரும்பி வரும் கலம் எரிந்து சாம்பலாகாமல் எப்படித் தப்புகிறது என்பதை நான் எட்டாம் தரத்தில் படித்தேன். கச்சான் என்ற சுடுகாற்று வீசிய அதே காலத்தில்தான் என் மூத்த சகோதரிக்கு, ராத்தாவுக்கு, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் நம்பினேன்.

எங்கள் கல்முனைக்குடியில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டையும் சேர்த்தே பார்ப்பார்கள். சில பேர் வீட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போவதும் உண்டு. வாப்பா கட்டாரிலிருந்து காசு அனுப்பி அனுப்பி, எங்கள் வளவுக்குள்ளேயே ராத்தாவுக்கென்று ஒரு வீடு எழும்பியிருந்தது. சுவர் பூசியாயிற்று, நிலத்துக்கு டைல்ஸ் பதித்தாயிற்று. தகரக் கூரைக்குக் கீழே சீலிங் மட்டும் அடிக்கவில்லை. கச்சான் வீசும் மாதங்களில் மத்தியான நேரம் அந்த வீட்டுக்குள் போனால், தலையில் யாரோ சுடுசட்டியைக் கவிழ்த்தது மாதிரி இருக்கும்.

முதலில் வந்தவர்கள் சரியாக மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்தார்கள். கைக்குட்டையால் விசிறிக்கொண்டே பலகாரம் சாப்பிட்டார்கள். “கதைச்சிட்டுச் சொல்லுறம்” என்று போனவர்கள் போனவர்கள்தான். “வீடு அவியுதாம்” என்ற கதை மட்டும் சந்திவரை போய், சுற்றிக்கொண்டு எங்களிடம் வந்தது. ராத்தா புது வீட்டுப் பக்கமே போகவில்லை. உம்மா தொழுகைப் பாயை விட்டு எழும்பவே நேரமெடுத்தார். வந்து தின்றுவிட்டுப் போனவர்கள்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

பாடசாலையில் விஞ்ஞான டீச்சர் எங்களைக் குழுக்களாகப் பிரித்து, உள்ளங்கை அளவில் வெப்பக் கவசம் செய்து வரச் சொன்னது அந்த நேரம்தான். கவசத்தைக் காஸ் அடுப்பின் சுவாலைக்கு மேலே பிடிக்க வேண்டும். கவசத்தின் மேல் ஒரு துண்டு மாஜரீன் இருக்கும். யாருடைய மாஜரீன் கடைசியாக உருகுகிறதோ, அவர்களுடைய விண்கலம் தப்பிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு குழு மீன் பெட்டி செய்கிற வெள்ளை நுரைத் தட்டை, ரெஜிபோமை, வெட்டிக்கொண்டு வந்தது. அது நெருப்பைக் கண்டதும் சுருண்டு நாறியதில் டீச்சர் எல்லா ஜன்னல்களையும் திறக்க வேண்டியதாயிற்று. இன்னொரு குழுவின் களிமண் தட்டு ஈரம் காயாததால் வெடித்து, மாஜரீனும் மண்ணுமாக அடுப்புக்குள் விழுந்தது. பொடியன்கள் விசில் அடித்தார்கள். எங்கள் குழுவில் எல்லாரும் பெண் பிள்ளைகள், எல்லாரும் கெட்டிக்காரிகள் என்று எங்களுக்குள்ளே ஒரு முடிவு. வெள்ளித்தாளை மடித்து மடித்து ஒரு புத்தகத் தடிப்புக்கு அடுக்கிக் கொண்டுபோனோம். பிஸ்மி சொல்லி முடிப்பதற்குள் மாஜரீன் எண்ணெயாகி ஓடிவிட்டது. இப்போது எங்களுக்கும் விசில்.

டீச்சர் ஏசவில்லை. “ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கிட்டு இரிந்தா சூடு நடந்து வந்துரும் புள்ளயள். நடுவுல கொஞ்சம் இடம் உடுங்க” என்றார்.

இடம் விட்டோம். பால்மா பக்கற்றை விரித்து அதன் வெள்ளிப் பக்கத்தை நெருப்புக்குக் காட்டி, இடையில் தென்னந்தும்பைப் பிய்த்துப் போட்டு, அதற்கும் மேலே இன்னொரு பக்கற்றைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினோம். மறுமுறை சுவாலை எரிந்துகொண்டே இருந்தது. மாஜரீன் அசையாமல் குந்தியிருந்தது. வெறும் காற்று நெருப்பைத் தடுக்கிறது என்பதை என் கண்ணால் பார்த்தும் நம்ப முடியவில்லை. வென்ற குழுவுக்குப் பரிசாக, வீட்டில் எங்கெங்கே சூடு கூட என்று அளந்து வரச் சொல்லி, டீச்சர் ஒரு வெப்பமானியைத் தந்தனுப்பினார். அதைக் குழந்தைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் மாமா இருந்தார். உம்மாவின் தம்பி, மீன் லொறிகளுக்கு ஐஸ் விற்பவர், என்னைக் கேலி பண்ணாமல் அவருக்குச் சோறு இறங்காது. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, “ரொக்கட்டு வேகாதாம். உன்ர ராத்தாட வீடு வேகுதே கா, அதுக்கு ஒண்டும் செய்ய மாட்டியா?” என்றார்.

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் மறுநாளே குழுவைக் கூட்டிக்கொண்டு தேத்தண்ணிக் கடைகளில் ஏறி இறங்கி, பெரிய பெரிய பால்மா பக்கற்றுகளாகச் சேர்த்துவிட்டேன். அடுத்த மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். உம்மா என்னைப் பார்த்தார், பக்கற்றுக் குவியலைப் பார்த்தார், பிறகு தையல் மெசினை இழுத்துப்போட்டு அவற்றை ஒன்றோடொன்று மூட்டத் தொடங்கினார். ஏதாவது செய்துகொண்டிருந்தால் போதும் என்ற நிலையில் அவர் இருந்திருக்க வேண்டும். மாமா வாயைக் கொடுத்த பாவத்துக்கு ஏணியில் ஏறி, நான் கீழே நின்று “ஒட்ட வேணாம், இடம் உடுங்க!” என்று கத்தக் கத்த, வலை நூலால் கூரைக்குக் கீழே கட்டினார். வெள்ளிப் பக்கம் மேலே போனதால் மாட்டுப் படமெல்லாம் கீழே தெரிந்தது. வருகிறவர்கள் மாட்டுத் தொழுவம் என்று நினைக்கப்போகிறார்கள் என்று ராத்தா அழத் தொடங்கவும், உம்மா கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற மாதிரி அதன்கீழே வெள்ளைச் சீலை கட்டி மறைத்தார். வெப்பமானியை அலுமாரி ஓரத்தில் நான் தொங்கவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளையின் உம்மா பருத்த உடம்புக்காரி. கறுப்பு அபாயாவோடு நடு வீட்டில் வந்து உட்கார்ந்தார். ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டார். பிறகு அண்ணாந்து பார்த்து, “மேல என்ன கட்டியிரிக்கி?” என்றார்.

உம்மாவின் முகம் வெளுத்தது. மாமா செருமினார். நான் முந்திக்கொண்டு விண்கலத்தில் ஆரம்பித்து, ரெஜிபோம், களிமண், மாஜரீன், தும்பு, நடுவில் விட்ட இடம்வரை மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் ஓரிடத்திலும் குறுக்கிடாமல் கேட்டார்.

“அப்ப இது ரொக்கட்டுக்குப் போடுறதா?”

“ஓம் மாமி.”

அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தட்டத்தோடு நின்ற ராத்தாவைப் பார்த்தார். தட்டத்தில் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தமிட்டன.

“அதுதானே பார்த்தன், வந்ததிலருந்து குளிரா இரிக்கி. மாஷா அல்லாஹ், நல்ல வீடு” என்றார். கூட வந்த மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் ஒரு பார்வை பார்க்க, மகள் பலகாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். “தட்டத்தை வெச்சுட்டு இஞ்ச வா மகள், எனக்குப் பக்கத்துல இரி.”

உம்மா அடுப்படிக் குசினிக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து, முக்காட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிச் சொல்லி அழுதார். சம்மதம் என்ற செய்தி பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னமே வந்துவிட்டது. ராத்தா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள். மாமா தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டி, “எங்கட ரொக்கட்டுக்காரி” என்றார். அன்று எனக்கிருந்த சந்தோசம் பிறகு எந்தப் பரீட்சை முடிவிலும் வந்ததில்லை.

எல்லாரும் போன பிறகுதான் வெப்பமானி ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அது பக்கற்றுகளைக் கட்டுவதற்கு முன்பு காட்டியதிலிருந்து ஒரு நூலளவுகூட இறங்கவில்லை. தட்டிப் பார்த்தேன், உதறிப் பார்த்தேன். எனக்கு விசயம் விளங்கிவிட்டது.

திங்கட்கிழமை அதை டீச்சரிடம் நீட்டி, “இது பழுது டீச்சர்” என்றேன். அவர் அதைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். கையில் பிடித்துப் பார்த்தார். பழுதென்று எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“வீடு குளிர் எண்டு மாப்பிள்ளைட உம்மாவே சொன்னாங்க டீச்சர். இது அப்பயும் சூடு எண்டுதான் காட்டிச்சு.”

டீச்சர் வெப்பமானியின் ஈரத்தைத் துடைத்தார். “அப்ப பழுதாத்தான் இரிக்கும்” என்று சொல்லி எடுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த கிழமை அதே வெப்பமானியை எடுத்து அவர் இன்னொரு குழுவிடம் கொடுத்தார். தெரிந்துகொண்டே பழுதானதைக் கொடுக்கிறாரே, படித்த மனுசி இப்படியும் செய்வாரா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.