கதவு திறந்திருக்கிறது

அவளுக்கு என்ன வேலை என்று வீட்டுக்காரரிடம் கேட்டால், "காலையில போய் உக்காந்து சாயங்காலம் வரைக்கும் டிவி பாப்பா, அதுக்குச் சம்பளமும் தராங்க" என்பார். அவர் பஸ் ஓட்டுகிறவர். உடம்பு நோகாத வேலையெல்லாம் அவருக்கு வேலையே இல்லை. அவர் சொல்வதில் பாதி உண்மையும் இருந்தது. செல்போன் கோபுரங்களைக் கண்காணிக்கும் அறையில் அவளுக்கு முன்னால் பதினான்கு வருடங்களாக இரண்டு திரைகள். நானூறு கோபுரங்களில் எதற்குத் தலைவலி வந்தாலும் திரையில் ஒரு வரி எழும். மின்சாரம் இல்லை, பேட்டரியில் ஓடுகிறது. சாதனம் பதில் சொல்லவில்லை. வெப்பம் அதிகம். கதவு திறந்திருக்கிறது. தலைபோகிற விஷயம் என்றால் சிவப்பு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மஞ்சள்.

வரி வந்ததும் "பார்த்துவிட்டேன்" என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் வரி சாம்பல் நிறமாகித் திரையின் அடிப்பக்கம் போய்ச் சேரும். கோளாறு தீரும் வரை அங்கேயே கிடக்கும், தீர்ந்ததும் தானாக மறைந்துவிடும். ஒருநாள் வீட்டில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிய, அவள் கூடத்திலிருந்து "பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் சிரித்தார்.

கோபுரங்களில் வேலை செய்கிறவர்கள் அவளை அலாரம் அக்கா என்றார்கள். எந்த ஊர்க் கோபுரத்தில் எந்த ஜெனரேட்டர் மக்கர் பண்ணும், எந்தப் பேட்டரி மூன்று மணி நேரத்தில் உயிரை விடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒரு கோபுரத்தைக்கூட அவள் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. போக வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

மலைமேல் இருந்த கோபுரம் ஏணியின் பொறுப்பு. ஆள் அவ்வளவு உயரம், அதனால் ஏணி. அவனையும் அவள் நேரில் பார்த்ததில்லை. மாதம் ஒருமுறை தன் பைக்கில் மலைக்குப் போவான். முன்பெல்லாம் இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்று விதி இருந்தது. விதி இன்னமும் இருக்கிறது, இரண்டாவது ஆளைத்தான் நிர்வாகம் நிறுத்திவிட்டது.

கோபுரத்தில் ஏறுமுன் அதன் சிக்னலை அணைக்க வேண்டும். அலைகள் உடம்பில் படக் கூடாது. அதை அணைத்தால் அந்த மலையில் ஒருவருக்கும் செல்போன் எடுக்காது, ஏறியிருக்கிறவனுக்கும் சேர்த்து. அவன் இறங்கிவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் அலுவலகத்திலிருந்து மறுபடி போட வேண்டும். போன் இல்லாமல் எப்படித் தெரிவிப்பது? வழி கண்டுபிடித்தவன் ஏணிதான். கோபுரத்தின் அடியில் சாதனங்கள் வைத்த சின்ன அறை ஒன்று உண்டு. அதன் கதவு திறந்தால் தனி இணைப்பு வழியாக அலுவலகத்துக்குச் செய்தி வந்துவிடும், செல்போன் சிக்னலோடு அதற்குச் சம்பந்தமில்லை. "அக்கா, நான் இறங்கினதும் கதவை ரெண்டு தடவை மூடித் திறக்கறேன். உங்க திரையில ரெண்டு தடவை மினுக்கும். உடனே சிக்னலைப் போட்டுடுங்க" என்றான். மஞ்சள் வரி போய் வரும், போய் வரும். அவள் சிக்னலைப் போடுவாள். அடுத்த நிமிடம் போன் வரும். "ஏணி பேசறேன் அக்கா. முழுசா இறங்கிட்டேன், கை கால் எல்லாம் எண்ணிப் பாத்துட்டேன்." நாலு வருடங்களாக மாதம் ஒருமுறை இதே நகைச்சுவை. அவளும் ஒவ்வொரு தடவையும் சிரித்தாள்.

அந்த மாதம் முதல் வாரத்தில் வேறொரு கோபுரத்தின் மின்விசிறிக்குப் பைத்தியம் பிடித்தது. விசிறி நின்றுவிட்டது, ஓடுகிறது, நின்றுவிட்டது, ஓடுகிறது என்று ஒரு மணி நேரத்தில் நாலாயிரம் வரிகள். அந்தக் குப்பைக்கு அடியில் நிஜமான சிவப்பு வரிகள் இரண்டு புதைந்துபோய், ஒரு சிற்றூர் அரைநாள் போன் இல்லாமல் கிடந்தது. மேலாளர் வாய்க்கு வந்தபடி பேசினார். அவள் மென்பொருளின் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தாள். அதில் ஓர் அமைப்பு இருந்தது. ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் புதிதாக வரி எழுப்பாது, பழைய வரியையே நிறுத்திவைத்து எத்தனை தடவை வந்தது என்பதை ஓரத்தில் எண்ணிக்கொண்டிருக்கும். நடுவில் சரியானாலும் பத்து நிமிடம் பொறுத்துத்தான் வரியை அழிக்கும். அவள் அதை எல்லாக் கோபுரங்களுக்கும் போட்டுவிட்டாள். திரை துடைத்துவிட்ட மாதிரி ஆனது. மேலாளர் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். எண்ணிக்கை காட்டும் கட்டம் வலது ஓரத்தில், திரைக்கு வெளியே போயிருந்தது. இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். இழுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. எல்லாக் கோபுரங்களுக்கும் என்றால் மலைக் கோபுரத்துக்கும்தான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மேலாளருக்கும் தோன்றவில்லை, ஆனால் அவருக்கு ஏணியின் கதவு விஷயம் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

மூன்று வாரம் கழித்து ஏணி மலைக்குப் போனான். காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு மஞ்சள் வரி வந்தது. கதவு திறந்திருக்கிறது. "பார்த்துவிட்டேன்" அமுக்கினாள். பத்தரைக்குப் போனில் கூப்பிட்டு, "ஏறப் போறேன் அக்கா, அணைச்சுடுங்க" என்றான். அணைத்தாள். வழக்கமாக ஒன்றரை மணி நேர வேலை.

பன்னிரண்டரை ஆயிற்று. வரி சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. கதவைத் திறந்துவைத்துவிட்டு மேலே ஏதோ கழட்டி மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தாள். சாப்பாட்டு டப்பாவை அங்கேயே திறந்து, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் சாப்பிட்டாள். ஒரு மணிக்கு மலையடிவார மக்கள் போன் வேலை செய்யவில்லை என்று புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டு மணி ஆகும்போது மேலாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"சிக்னலைப் போடுங்கம்மா. மேலிடத்துல இருந்து என் உயிரை வாங்கறாங்க."

"ஆள் மேல இருக்காரு சார். இறங்கினதும் போட்டுடறேன்."

"மூணு மணி நேரமாவா மேல இருக்கான்? எங்கயாவது படுத்துத் தூங்குவான்."

"இறங்கினா எனக்குச் சொல்லுவாரு சார். சொல்லாம போட மாட்டேன். வேணும்னா நீங்களே போட்டுக்குங்க, உங்க பேர்ல போடுங்க."

அவர் பேரில் போட அவருக்குத் தைரியமில்லை. முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். பதினான்கு வருடத்தில் அவள் மேலாளரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. பேசி முடித்தபோது கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மூன்றரைக்கு மேல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து ஊரில் கேபிள் வேலையில் இருந்த லைன்மேனைப் போனில் பிடித்து மலைக்கு அனுப்பினாள். அவன் போய்ச் சேர ஐந்து மணி ஆயிற்று. மலையிலும் அடிவாரத்திலும் போன் எடுக்காததால் பக்கத்து ஊர் வரை திரும்பி வந்துதான் பேசினான்.

"அக்கா, ஏணி போயிட்டான்" என்றான். "கோபுரத்துல இருந்து விழுந்திருக்கான். தொடை எலும்பு வெளிய வந்திருக்கு. ஆனா விழுந்த இடத்துல இல்ல அக்கா. ரூம் வரைக்கும் தவழ்ந்து வந்திருக்கான், மண்ணெல்லாம் ரத்தம். கதவு இடுக்குல கையை விட்டபடியே கெடக்கான்."

கதவு என்றதும் அவள் போனைக் கீழே வைத்தாள். சாம்பல் வரியின் மேல் மவுஸ் அம்பை வைத்துத் திரையை வலப்பக்கம் இழுத்தாள். எண்ணிக்கை அறுபத்துமூன்று. வரியைத் திறந்து உள்ளே பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நேரத்தோடு இருந்தது. முதலாவது பத்து பன்னிரண்டு, அவன் வந்து திறந்தது. அடுத்தது பதினொன்று நாற்பது. அங்கிருந்து இரண்டிரண்டாக வந்திருந்தன. இரண்டு தடவை, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு தடவை. ஒரு மணிக்குப் பிறகு இடைவெளி நீண்டது, ஆனாலும் இரண்டு இரண்டுதான். கடைசி இரண்டு ஒன்று ஐம்பத்தாறுக்கு.

சிக்னலைப் போடுங்க அக்கா என்று அவன் இரண்டேகால் மணி நேரம் கேட்டிருக்கிறான். அவள் போட்டிருந்தால் அவன் சட்டைப்பையில் இருந்த போனுக்கு உயிர் வந்திருக்கும். அடிவாரத்து ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வர அரைமணி போதும். மேலாளர் சொன்னதைக் கேட்டிருந்தால்கூட, யாருக்குத் தெரியும், ஒருவேளை பிழைத்திருப்பான். அவள் நாற்காலியிலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போய்ச் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள்.

மறுநாள் மேலாளரிடம் எல்லாவற்றையும் காட்டினாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நல்லவர் இல்லை, கெட்டவரும் இல்லை, பயந்தவர்.

"தனியா ஒருத்தனை அனுப்பினதுக்கு என் வேலை போகும். அமைப்பை மாத்தினதுக்கு உங்க வேலை போகும். போனவன் வரவா போறான்? விழுந்த நிமிஷமே உயிர் போயிடுச்சுன்னு அவன் சம்சாரத்துக்கு லெட்டர் போயாச்சு. அந்தப் பொண்ணுக்கும் அதுதாம்மா நல்லது. முப்பது நாளானா இந்தப் பதிவெல்லாம் தானா அழிஞ்சிடும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தா போதும்."

அவள் சும்மா இருந்தாள். கேட்கிற நமக்குக் கோபம் வருகிறது, ஆனால் நாமாக இருந்தாலும் சும்மாதான் இருந்திருப்போம். இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிச் சம்பளம் கட்டுகிறவளுக்குச் சும்மா இருப்பது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக்காரர், "ஏதாவது சொல்லேன், வாயைத் திறந்து சொன்னாதானே தெரியும்" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். ஒவ்வொரு நாளும் காலையில் அலுவலகம் போனதும் அந்தப் பதிவைத் திறந்து, இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

இருபத்தொன்பதாம் நாள் மதியம், ஏணியின் மனைவி அலுவலகத்தில் அவனுடைய பெட்டியில் இருந்த சாமான்களை வாங்கிப் போக வந்தாள். ஒரு மழைக்கோட்டு, ஒரு ஜோடி செருப்பு, ஸ்பானர்கள் போட்ட பை. குள்ளமான பெண். ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராகக் கண்காணிப்பு அறைக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அலாரம் அக்கா நீங்கதானே?"

"ஆமாம்மா."

"உங்களைப் பத்திச் சொல்லிட்டே இருப்பாரு. மலையில தனியா பயமா இல்லையான்னு கேப்பேன். அக்கா கதவையே பாத்துட்டு இருப்பாங்க, எனக்கென்ன பயம்னு சொல்லுவாரு." பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "விழுந்த நிமிஷமே போயிட்டாருன்னு லெட்டர்ல போட்டிருந்தாங்க. அந்த ஒரு வார்த்தையிலதான் ராத்திரி கண்ணை மூடறேன். கஷ்டப்படலைன்னு நீங்களும் ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா போதும் அக்கா. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

கஷ்டப்படவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நாளைக்கு அந்தப் பதிவு அழிந்துவிடும். அதற்குப் பிறகு அறுபத்துமூன்று என்ற எண் உலகத்தில் அவளைத் தவிர மேலாளர் ஒருவருக்குத்தான் தெரியும், அவர் வாய் திறக்க மாட்டார். வேலை மிஞ்சும். இந்தப் பெண்ணுக்குத் தூக்கமும் மிஞ்சும். அலாரம் அக்கா நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள்.

"உக்காரும்மா" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். மின்விசிறி, கையேடு, தான் மாற்றிய அமைப்பு, வலது ஓரத்தில் மறைந்திருந்த கட்டம் என்று ஒன்று விடாமல். பதிவை அச்சடித்து எடுத்தாள், இரண்டு தாள் வந்தது. ஒவ்வொரு தாளின் அடியிலும் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மேலாளர் எழுந்து நின்றது தெரிந்தது. அவர் உள்ளே வரவில்லை.

அந்தப் பெண் தாளை மடியில் வைத்து விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனாள். எண்ணுகிறாள் என்று புரிந்தது. அழவில்லை. கடைசி வரியில் விரல் நின்றது.

"ஒண்ணு அம்பத்தாறு" என்றாள். "அப்போ நீங்க எங்க அக்கா இருந்தீங்க?"

"இங்கதாம்மா. இதே நாற்காலியில."

"என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

பொய் சொல்லும் நேரம் தாண்டிவிட்டது.

"சிக்னலைப் போடுன்னு மேலாளர் சொன்னாரும்மா. உன் வீட்டுக்காரர் இறங்காம போட மாட்டேன்னு அவர்கூடச் சண்டை போட்டுட்டு இருந்தேன்."

திட்டுவாள், அடிப்பாள் என்றுகூட அலாரம் அக்கா எதிர்பார்த்தாள், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அந்தப் பெண் தாள்களை மடித்து மழைக்கோட்டின் பைக்குள் வைத்துக்கொண்டு, ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். கண்ணாடிக் கதவு வரை போனவள், அதைத் தள்ளாமல், பிடியில் கை வைத்தபடி அப்படியே நின்றாள். அலாரம் அக்கா இந்தத் தடவை திரையை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.