வைக்கோல் கொட்டாயில் அளந்த சத்தம்

விருத்தாசலத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வளர்மதியின் பட்டறை இருக்கிறது. பீங்கான் ஜாடிக்குள் கூழாங்கல்லையும் மண் கலவையையும் போட்டு, உருட்டி அரைக்கும் ‘பால் மில்’ (ball mill) என்ற இயந்திரம் அங்கே தயாராகிறது. பீங்கானில் பொம்மை செய்பவர்களும் ஃப்யூஸ் கேரியர் செய்பவர்களும்தான் இதுவரை வாங்கினார்கள். அவர்கள் யாரும் சத்தத்தைப் பற்றிக் கேட்டதில்லை. கடகடவென்று கேட்டால் மில் அரைக்கிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால்தான் பதறி ஓடி வருவார்கள்.

முதன்முதலாகக் கேட்டது ஒரு பாலிடெக்னிக். அதன் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர் திலீபன். ஆய்வகச் சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பு நடக்கிறது. மில்லிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எழுபத்தைந்து டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. அளவைப் பெயர்த்தகட்டில் பொறிக்க வேண்டும் என்றார். ஒரு கல்லூரிக்குள் வளர்மதியின் மில் போவது இதுதான் முதல் தடவை.

வளர்மதி செல்போனில் அளந்தார். வீட்டிலிருந்த மூன்று போனும் மூன்று விதமாகச் சொன்னதால் சத்தம் அளக்கும் கருவியே வாங்கிவிட்டார். பட்டறையில் வைத்தால் லேத் சத்தமும் சேர்ந்து விழுந்தது. வாசலுக்கு வந்தால் ரயில்.

"கொட்டாயில வெச்சுப் பாரேன் வளரு. அங்கதான் ஒரு ஈ காக்கா சத்தம் இல்ல" என்றார் கணவர் தனக்கோடி.

பொம்மைகளைப் பொதிந்து அனுப்பச் சேத்தியாத்தோப்பிலிருந்து வரும் வைக்கோல், கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கும் கொட்டகை அது. பக்கத்துப் பொம்மைக் கம்பெனிக்காரர்களுடையது. அங்கே மில்லை ஓடவிட்டு அளந்தார்கள். எழுபது. வளர்மதி அன்றைக்கே தகட்டில் பொறித்துவிட்டார்.

ஆய்வகத்தில் அதே மில், அதே கருவி எழுபத்தொன்பது காட்டியது.

திலீபன் கோபப்படவில்லை. வேறொரு கம்பெனியின் விலைப்பட்டியலில் அறுபத்தெட்டு என்று போட்டிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் அதைத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்றார். அந்த அறுபத்தெட்டு கல்லும் மண்ணும் போட்டு அளந்ததா, வெறும் ஜாடியைச் சுற்றவிட்டு அளந்ததா என்று வளர்மதி கேட்டார். பட்டியலில் அது இல்லை. திலீபன் போன் செய்து கேட்டபோது அந்தக் கம்பெனிக்காரருக்கும் தெரியவில்லை.

வளர்மதி ஆய்வகத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினார். டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், நான்கு பக்கமும் வெறும் சுவர். தட்டிய சத்தம் திரும்பி வந்தது. நேராகக் கொட்டகைக்குப் போய் அங்கேயும் தட்டினார். பொத்தென்று அடங்கிவிட்டது. ஆக, மில் அமைதியாக ஓடவில்லை. சத்தத்தை வைக்கோல் விழுங்கியிருந்தது.

"என்னங்க, வைக்கோல் செஞ்ச வேலைய மிஷின் மேல எழுதிட்டோம்."

"அப்ப காலேஜுல ரெண்டு வண்டி வைக்கோல எறக்கிடலாமா?"

வளர்மதிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கேலி அவரை விடவில்லை. கொட்டகையைச் சுற்றி வைக்கோல் இருப்பதுபோல மில்லைச் சுற்றியே ஏதாவது வைத்தால் என்ன? வைக்கோல் தீப்பிடிக்கும். சூளைக்கு உள்பக்கம் போடும் பீங்கான் இழைப் பஞ்சுப் போர்வை தீப்பிடிக்காது. சூளை கட்டும் கோதண்டபாணியிடம் அது மிச்சம் கிடந்தது. இரண்டு தகடுகளுக்கு நடுவே அதை வைத்து, தூசு வெளியே வராமல் அடைத்து, திறந்து மூடும் கூடு ஒன்றைத் தனக்கோடி வெல்டிங் செய்தார். மோட்டார் சூடாகாமல் இருக்க அடியில் இடைவெளி விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அதே ஆய்வகத்தில், ஜாடியை நிரப்பி, நான்கு பக்கமும் ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தார்கள். மோட்டார் இருக்கும் பக்கம்தான் அதிகம். எழுபத்துநான்கு. திலீபன் சுவருக்கு அந்தப் பக்கம் போய், பாடம் காதில் விழுகிறதா என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார்.

"இருக்கட்டுங்கக்கா. தகட்ட மட்டும் மாத்திடுங்க."

புதுத் தகட்டில் எழுபத்துநான்கு மட்டும் போதும் என்றார் தனக்கோடி, அளந்து காட்டியாயிற்றே. வளர்மதி கேட்கவில்லை. கூடு போட்டால் எழுபத்துநான்கு, கழற்றினால் எழுபத்தொன்பது, ஜாடி நிரம்பியிருந்தது, டைல்ஸ் போட்ட அறை, ஒரு மீட்டர் என்று எல்லாவற்றையும் தகட்டில் பொறிக்க எழுதிக் கொடுத்தார்.

"இவ்ளோ எழுதுனா மிஷினவுட தகடு பெருசாயிடும்."

"நாளைக்கு யாராச்சும் கூட்டக் கழட்டிட்டு ஓட்டுவாங்க. அப்ப நம்மளத்தான் பொய் சொன்னாங்கம்பாங்க."

எழுத்து பொடியாகத்தான் விழுந்தது. திலீபன் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு அந்த இன்னொரு கம்பெனிக்குப் போன் போட்டு, ஆர்டர் இல்லை என்று சொன்னார்.