ஒரு விமானக் காலும் இரண்டு ஓமும்

பிள்ளைகளே, நான் பிரெஞ்சு கதைக்கும்போது நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்குத் தெரியும். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் நான் தமிழில் சொன்ன ஒரு சொல் பிரெஞ்சாகிப் போய், ஒரு போர் விமானத்துக்கு உதவி செய்த கதையை இன்றைக்குச் சொல்லத்தான் வேண்டும்.

சென்ட் லோரன்டில் நான் வேலை செய்யும் கட்டடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உள்ளே நடப்பது தெரியாது. விமானம் இறங்கும்போது சில்லுகளோடு கீழே விரிகிற கால் இருக்கிறதே, அதைக் கழற்றிக் கழுவி, பழுது பார்த்துத் திரும்பப் பூட்டுவதுதான் எங்கள் வேலை. விமானப்படையின் விமானங்களும் எங்களிடம் கால் அனுப்பும். அவை பழைய விமானங்கள். அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்தவர்களில் பலர் செய்வதையே விட்டுவிட்டார்கள். கையளவு ரப்பர் வளையம் ஒன்று கிடைக்காததால் முழு விமானமே கொட்டகைக்குள் நிற்கும்.

அன்றைக்கும் அப்படித்தான். மாதக்கணக்காகக் காத்திருந்த வளையம் காலையில் வந்துவிட்டது! பின்னேர லொறியில் கால் போயாக வேண்டும். போகாவிட்டால், விமானப்படைத் தளத்தில் நன்றாகப் பறக்கிற இன்னொரு விமானத்தின் காலைக் கழற்றி இதற்குப் பூட்டுவார்கள். ஒன்றை எழுப்ப இன்னொன்றைப் படுக்கப் போடுவது. அதை நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

எங்களுக்கு ஆளும் தட்டுப்பாடு. நாலு பேர் செய்கிற வேலைக்கு நானும், என்னோடு வேலை செய்கிற யாழ்ப்பாணத்துத் தம்பியும் மட்டுமே.

"அங்க பிளேன் சத்தம் கேட்டா பங்கருக்கை பாய்ஞ்ச ஆக்கள். இங்க வந்து பிளேனுக்குக் கால் பூட்டுறம். என்ன விதி அண்ணை இது!" என்றான்.

"ஓட்டுறவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானேடா. கால் விரியாட்டி எப்பிடி இறங்குவான்? கதையை விட்டிட்டு அந்தப் பக்கத்தைப் பிடி."

வளையத்தைப் பூட்டிவிட்டோம். இனி எண்ணெய் ஏற்றிச் சோதிக்க வேண்டும். ஒருவர் பம்ப் அடிக்க, ஒருவர் காற்றை வெளியே விட, ஒருவர் கசிவைப் பார்க்க, ஒருவர் அழுத்தம் காட்டும் ஊசியைப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் எந்தப் பக்கம் ஓடுவது? உதவி கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் பிரெஞ்சு அப்படி.

அந்த நேரம் மேல்தட்டில் நின்ற எங்கள் மேற்பார்வையாளர், போர்மன், "சா வா?" என்று கத்தினார். எல்லாம் சரியா என்று கேட்டார். கொம்பிரஸர் இரைச்சலுக்குள் அவசரத்தில் 'ஆமாம், சரி' என்று சொல்ல என் வாயில் வந்தது எங்கள் ஊர்ச் சொல்தான், "ஓம்! ஓம்!"

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் பெயின்ட் பகுதியிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்! எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பி சிரித்துச் சிரித்துக் கீழே இருந்துவிட்டான்.

"அண்ணை, பிரெஞ்சில 'ஓம்' எண்டா ஆள்! நீங்கள் ஆள் கேட்டிருக்கிறியள்!"

"ரெண்டு பேர் வந்திருக்கினமே?"

"ரெண்டு தரம் சொன்னியள். நாலு தரம் சொல்லியிருந்தா இப்ப நாங்கள் கோப்பி குடிச்சுக்கொண்டு இருந்திருக்கலாம்."

பிறகு பாருங்கள் வேலையை! வந்தவர்களில் ஒருவர் பம்ப் அடித்தார். மற்றவர் காற்றை விட்டார். தம்பி லைட்டைப் பிடித்துக் கசிவு தேடினான். நான் ஊசியைப் பார்த்தேன். ஊசி ஏறி நின்றது. அசையக் கூடாது. போர்மனும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அசையவில்லை! அவசரம் என்று ஒரு சோதனையையும் நாங்கள் விடவில்லை. எங்கள் வேலையைப் பரிசோதிக்கிற பெண்மணி எல்லாவற்றையும் திரும்பப் பார்த்து முத்திரை குத்தியதும் ஐந்து பேரும் கத்திய கத்தலில் லொறிக்காரரே உள்ளே ஓடி வந்துவிட்டார்.

பெட்டியில் வைத்து ஏற்றினோம். எல்லோரும் கை கழுவப் போனார்கள். நான் மட்டும் ஏற்றுகிற வாசலில் நின்றேன். லொறி தெருவில் திரும்பியபோது, வீட்டிலிருந்து யாரையும் வழியனுப்புகிற பழக்கத்தில் கையை உயர்த்தி, "போயிட்டு வா" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. எங்களிடம் திரும்பி வருகிற கால் பழுதான கால் அல்லவா! சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

"போ. வராதை," என்று திருத்திச் சொல்லிவிட்டு, கதவை இழுத்துச் சாத்தினேன்.